கிரேடிக்கு நேரம் சரியில்லை

மேசா நகரத்தில் அன்றைக்கு ஒரு மேசை அடி வாங்கியது. அடித்தவன் கிரேடி. "இந்தக் கோடைக்கு உங்க அம்மா வீடு கிடையாது! கிடையாதுன்னா கிடையாது!" என்று ஓங்கிக் குத்தினான். தக்காளி சாஸ் பாட்டில் துள்ளி விழுந்து அவன் சட்டை மேலேயே கொட்டியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

எதிரே இருந்த அவன் மனைவி நோரீன் ஒரு துணியை எடுத்து நீட்டினாள். "துடைச்சுக்கோ. அப்புறம் கத்து."

"பதினோரு வருஷம், நோரீன்! லீவு கிடைச்சா சான் டியேகோ. கடல் பார்க்கலாம், காத்து வாங்கலாம்னு கூட்டிட்டுப் போறே. நான் என்னிக்காவது கடலைப் பார்த்தேனா? உங்க அம்மா வீட்டு வாஷிங் மெஷினோட முதுகைத்தான் பார்த்தேன்!"

பாவம், அதில் பொய் ஒன்றும் இல்லை. கிரேடி ஏசி மெக்கானிக். அரிசோனா கோடையில் வெயில் நூற்றுப் பத்து டிகிரியைத் தாண்டும். எந்த வீட்டில் ஏசி நின்றாலும் திட்டு இவனுக்கு. கூரைமேல் ஏறி வெந்து, முதலாளியிடம் சண்டை போட்டு, ஒரே ஒரு வாரம் லீவு வாங்குவான். அந்த ஒரு வாரத்துக்காக மாமியார் ஐரிஸ் வருஷம் பூரா ரிப்பேர்களைச் சேர்த்து வைத்திருப்பாள். ஃபேன் சத்தம் போடுது, கிரேடி. அடுப்பு பத்த மாட்டேங்குது, கிரேடி. மனைவியும் மகள்களும் கடலில் குதிப்பார்கள். இவன் சமையலறைத் தரையில் படுத்து டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடப்பான். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், எந்த மெஷினையும் தொடாமல் இருக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். இதுகூட இல்லையென்றால் மனுஷனுக்குக் கோபம் வருமா, வராதா?

"சரி, வேற எங்க போகணுங்கிறே?" என்றாள் நோரீன்.

"பாலைவனம்! தேசியப் பூங்கா எல்லாத்தையும் வரிசையா பார்த்துக்கிட்டே போறோம். வேன்ல போறோம், கூடாரம் போடறோம், கல்லு பார்க்கறோம்."

"கிரேடி, ஜன்னல் வழியா வெளிய பாரு. என்ன தெரியுது?"

"கள்ளிச்செடி."

"அப்புறம்?"

"மண்ணு."

"அப்புறம்?"

"இன்னொரு கள்ளிச்செடி. இப்ப என்னங்கிறே?"

"நாம குடியிருக்கிறதே பாலைவனம். கொதிக்கிற ஜூலை மாசத்துல, பாலைவனத்துலேர்ந்து புறப்பட்டு, பெட்ரோல் போட்டுக்கிட்டு, இன்னொரு பாலைவனம் பார்க்கப் போறியா? அதுவும் ஏசி வேலை செய்யாத வேன்ல! ஊர் ஏசியெல்லாம் ரிப்பேர் பண்றே, நம்ம வேன் ஏசி?"

"வீட்டு ஏசி வேற, வண்டி ஏசி வேற! பாலைவனமும் அப்படித்தான். அது வேற பாலைவனம்!"

"எந்த விதத்துல வேற?"

"அங்க ரிப்பேர் பண்ண ஒண்ணுமே இல்ல!" என்று கிரேடி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

நோரீன் சிரித்தாள். "சரி, போகலாம்."

கிரேடிக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நோரீன் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் ஜெயித்த மயக்கத்தில் இருப்பவனுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? அவன் அடுத்தடுத்து உத்தரவு போட ஆரம்பித்தான்.

"போன் எல்லாத்தையும் பூட்டி வைக்கணும். ஒருத்தர் கையிலயும் போன் இருக்கக் கூடாது. காகித மேப், என் கைக்கடிகாரம். இது ரெண்டுதான்."

மூத்தவள் ஷெல்பி பத்தாவது படிப்பவள். போன் என்றதும் யாரோ செத்துப்போன மாதிரி அலறினாள். சின்னவள் டெலியா நாலாவது முடித்தவள். அவளுக்குப் போன் கிடையாது என்பதால் ரொம்ப சந்தோஷப்பட்டாள்.

"எதுல பூட்டறது?" என்று கிரேடி யோசித்தான்.

"உன் டூல் பாக்ஸ்ல பூட்டேன்," என்றாள் நோரீன். "கெட்டியான பூட்டு."

அருமையான யோசனை என்று கிரேடி மெச்சினான். மெச்சியவனை என்ன சொல்ல!

"பூங்காவுக்கெல்லாம் டிக்கெட் நானே போட்டுடறேன். நீ வேலையில இருப்பே. ஆனா ஒண்ணு கிரேடி, யூட்டாவுல மணி நமக்கு ஒரு மணி நேரம் முன்னால ஓடும். ஞாபகம் இருக்கில்ல?"

இங்கேதான் கிரேடிக்கு மானப் பிரச்சினை வந்தது. அரிசோனாக்காரன் கடிகாரத்தைத் தொடமாட்டான். சுற்றியுள்ள மாநிலங்கள் எல்லாம் வசந்தம் வந்தால் முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளும், இலையுதிர்ந்தால் பின்னால் இழுக்கும். அரிசோனா மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். அதனால் வருஷத்தில் ஒரு பங்கு யூட்டாவோடு மணி ஒத்துப்போகும், மறு பங்கு கலிபோர்னியாவோடு ஒத்துப்போகும். அரிசோனாவில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். எந்தப் பங்கு யாரோடு என்பதில்தான் வளர்ந்த ஆண்பிள்ளைகள் உதை வாங்குவார்கள்.

"எனக்கே பாடமா? கோடையில யூட்டாவும் நாமும் ஒரே மணி. குளிர்காலத்துலதான் கலிபோர்னியாவும் நாமும் ஒரே மணி!"

"தலைகீழா சொல்றே, கிரேடி. கோடையிலதான் கலிபோர்னியா."

"நான் இந்த மண்ணுல பொறந்தவன்! நீ கலிபோர்னியாவுலேர்ந்து வந்தவ! என் மாநிலத்து மணி எனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். அப்ப ஒரு பந்தயம். உன் கடிகாரத்தை நம்பித்தான் போறோம். பேஸ்பால்ல மாதிரி மூணு ஸ்ட்ரைக் விழுந்தா அவுட். மூணு தடவை உன் மணி தப்பாச்சுன்னா, ஸ்டியரிங் என் கைக்கு வந்துடணும். நான் ஓட்டற இடத்துக்கு வாயை மூடிக்கிட்டு வரணும்."

"மூணு என்ன, முப்பது வச்சுக்கோ!"

"மூணே போதும்."

இப்படியாகப் புறப்பட்டார்கள். முதல் நாள் அரிசோனாவின் வட கோடியில் தங்கினார்கள். மறுநாள் காலையில் மாநில எல்லையைத் தாண்டி யூட்டாவுக்குள் வண்டி நுழைந்தது. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. உள்ளே வந்த காற்று அடுப்பை ஊதுகிற காற்று. மகள்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். கிரேடி சந்தோஷமாக இருந்தான். செம்மண் மலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. எந்த மலைக்கும் பிளக் கிடையாது.

பூங்கா வாசலில் கட்டணம் கேட்டார்கள். நாலாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும், கோடை முடியும்வரை செல்லுகிற இலவச பாஸை டெலியா நீட்டினாள். "வண்டியில இருக்கிறவங்க எல்லாரும் என்கூட வந்தவங்க," என்றாள். வாசலில் இருந்த அம்மாள் அவளுக்கு மட்டும் சல்யூட் வைத்தாள். வேன் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, மரியாதை இவளுக்கா என்று கிரேடி முணுமுணுத்தான்.

பத்து மணிக்கு ரேஞ்சர் ஒருவர் குறுகிய பள்ளத்தாக்குக்குள் கூட்டிப்போவார். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் அதற்கு இடம். நோரீன் பெயருக்கு விழுந்திருந்தது. கிரேடி கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதரை.

"பாத்தியா? அரை மணி முன்னாடியே வந்தாச்சு!"

நிழலில் உட்கார்ந்திருந்த இளம் ரேஞ்சர் எழுந்து வந்தான். "பத்து மணிக் குழு போயிடுச்சே, சார்."

"எப்படிப் போகும்? மணி ஒன்பதரைதான் ஆகுது!"

ரேஞ்சர் அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தான். முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. "ஓ, அரிசோனாவா? இங்க மணி பத்தரை, சார். கவலைப்படாதீங்க, வாராவாரம் உங்க ஊர்க்காரங்க யாராவது இப்படி வந்து நிப்பாங்க."

அந்த இரக்கம்தான் கிரேடியைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். வேன் டயரை எட்டி உதைத்தான். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டைவிரல் வீங்கியது.

"ஸ்ட்ரைக் ஒண்ணு," என்று பின்சீட்டிலிருந்து ஷெல்பி அறிவித்தாள்.

"கூட்டத்தைக் காக்க வைக்க வேண்டியதுதானே? அரை மணி காத்திருந்தா மலை ஓடிடுமா?"

"உனக்கு நேரம் சரியில்ல, கிரேடி," என்றாள் நோரீன், ரொம்ப அனுதாபமாக.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கடிகார முள்ளை ஒரு மணி முன்னால் திருகினான். அரிசோனாக்காரன் திருகுவது! அவமானத்தில் காது சிவந்தது. அன்றைக்கு ராத்திரி யூட்டாவிலேயே கூடாரம் போட்டார்கள். அவன் வறுத்த சாசேஜைக் கோபமாகத் தின்றான்.

அடுத்தது கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பு. அங்கே ஒரு மணிக்குக் கோவேறு கழுதைச் சவாரி. கிரேடி விழுந்தடித்து ஓட்டினான். கழுதைக் கொட்டடிக்கு வந்து சேர்ந்தபோது அவன் கடிகாரத்தில் சரியாக ஒரு மணி.

கொட்டடியில் கழுதைகள் இருந்தன. ஆட்கள் இல்லை. ஒருவன் மட்டும் திண்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"ஒரு மணிச் சவாரி எங்கய்யா? பணம் கட்டியிருக்கோம்! நீ பாட்டுக்கு உக்காந்து தின்னுக்கிட்டிருக்கே?"

"மணி பன்னெண்டு," என்றான் அவன், மென்றுகொண்டே. "பன்னெண்டு மணிக்கு நான் சாப்பிடுவேன்."

"பன்னெண்டா? என் கடிகாரத்தைப் பாரு!"

"யூட்டாவிலேர்ந்து வரீங்களா? இது அரிசோனா. இங்க கடிகாரத்தைத் தொடமாட்டோம்."

கிரேடியின் சொந்த வசனத்தை ஒரு கழுதைக்காரன் அவனுக்கே சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்ற கழுதை வாயைத் திறந்து நீளமாகக் கத்தியது.

"நீ சும்மா இரு!" என்று கிரேடி அதன்மேல் பாய்ந்தான்.

"அப்பா, அது கழுதை," என்றாள் டெலியா.

"தெரியும்!"

ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தெற்கேயிருந்து மேகம் திரண்டு வந்தது. ஜூலை மத்தியான மழை. பள்ளத்தாக்கின்மேல் மின்னல் வெட்டியது. மின்னல் அடிக்கும்போது கழுதையில் ஏற்றமாட்டோம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லிவிட்டான் சாண்ட்விச்காரன்.

"ஸ்ட்ரைக் ரெண்டு," என்றாள் ஷெல்பி.

"எப்படி ஸ்ட்ரைக் ஆகும்? நான் சீக்கிரம்தானே வந்தேன்? லேட் இல்லையே!"

"பந்து வர்றதுக்கு முன்னாடியே மட்டையை வீசினாலும் ஸ்ட்ரைக்தான்ப்பா."

மழையில் நனைந்துகொண்டே கிரேடி குடும்பத்தைப் பார்த்தான். பெற்ற பெண்ணே எதிர்க்கட்சி. கட்டிய பெண்டாட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையைப் பார்க்கிறாள். அவன் கடிகாரத்தைக் கழற்றினான், முள்ளைப் பழையபடி ஒரு மணி பின்னால் திருகினான், அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

"இதோ பாருங்க! அரிசோனா மணி. இனிமே செத்தாலும் தொடமாட்டேன். அடுத்த இடம் எங்க இருக்கு? அரிசோனாவுல. நம்ம மாநிலம். அங்க வச்சுக்கறேன்!"

"அடுத்தது நவஹோ பழங்குடிக்காரங்க நிலத்துல இருக்கிற பள்ளத்தாக்கு, கிரேடி," என்றாள் நோரீன் மெதுவாக. "அங்க வந்து..."

"அரிசோனாவா இல்லையா? ஆமாவா, இல்லையா?"

"அரிசோனாதான். ஆனா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம்! ஒரு வார்த்தை பேசக் கூடாது!"

நோரீன் ஒரு வார்த்தை பேசவில்லை. கணவன் சொல்லைத் தட்டாத மனைவி. அன்றைய சாயங்காலம் நவஹோ நிலத்தில் ஒரு மரத்தடியில் கூடாரம் போட்டார்கள். அக்கம்பக்கத்தில் செம்மறி ஆடுகள்தான் இருந்தன. ஆடுகளிடம் மணி கேட்க முடியாது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நடை. கிரேடி கால் மணி முன்னாடியே எல்லோரையும் பள்ளத்தாக்கின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். தலைமுடிக்குத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். ஜெயிக்கப்போகிறவன் அல்லவா?

அங்கே வழிகாட்டி அம்மாள் ஒரு பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் வெர்னா பெனாலி என்று பெயர் தைத்திருந்தது.

"எட்டு மணிக்குத்தானே? கால் மணி முன்னாடியே வந்துட்டோம்!" என்றான் கிரேடி, பல்லெல்லாம் தெரிய.

"எட்டு மணிக்குத்தான் நின்னேன்," என்றாள் வெர்னா. "வந்தவங்களை என் தம்பி கூட்டிட்டுக் கீழ இறங்கிட்டான். இப்ப மணி எட்டே முக்கால்."

"இது அரிசோனா, அம்மா!"

"ஆமாம்."

"அரிசோனாவுல கடிகாரத்தைத் தொடமாட்டாங்க!"

"நாங்க தொடுவோம். எங்க ஜனங்க யூட்டாவுலயும் நியூ மெக்ஸிகோவிலயும் இருக்காங்க. எல்லாருக்கும் ஒரே மணி வேணும்ல?"

"சுத்தி இருக்கிற அரிசோனா பூராவும் வேற மணியில ஓடுதே!"

"சுத்தி இருக்கிறவங்களைக் கேட்டுக்கிட்டு நாங்க ஒண்ணும் பண்றதில்ல." அவள் இன்னொரு வாய் காபி குடித்தாள். "எங்க நிலத்துக்கு நடுவுல ஹோப்பின்னு இன்னொரு பழங்குடிக்காரங்க நிலம் இருக்கு. அவங்க தொடமாட்டாங்க. அங்க போனா உங்க கடிகாரம் சரியா இருக்கும்."

ஒரு மணிக்குள் இன்னொரு மணி, அதற்குள் இன்னொரு மணி! கிரேடிக்கு மண்டைக்குள் ஏதோ ஒயர் அறுந்தது. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். அதன்மேல் ஏறி மிதித்தான். "யாருக்காவது இந்த நாட்டுல மணி என்னன்னு தெரியுமா? தெரியுமா?" என்று பள்ளத்தாக்கைப் பார்த்து அலறினான். "தெரியுமா, தெரியுமா" என்று பள்ளத்தாக்கும் அவனையே திருப்பிக் கேட்டது.

"ஸ்ட்ரைக் மூணு," என்று ஷெல்பி சொல்ல, டெலியா கட்டைவிரலை முதுகுப்பக்கம் நீட்டினாள். அவுட்.

நோரீன் கையை நீட்டினாள். கிரேடி சாவியைக் கொடுத்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷமாகக் காத்திருந்த வாரம். ஒரு பள்ளத்தாக்குக்குள்ளும் இறங்கவில்லை, ஒரு கழுதைமேலும் ஏறவில்லை. "எல்லாம் என் நேரம்," என்றான்.

"அதுதான் பிரச்சினையே," என்றாள் நோரீன்.

பந்தயப்படி வாயை மூடிக்கொண்டு, மிதிபட்ட தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கிரேடி பக்கத்துச் சீட்டில் சரிந்தான். வழியில் ஒரு ராத்திரி மோட்டலில் கழிந்தது. மறுநாள் வண்டி தெற்கே இறங்கியது. பழகிய வெயில், பழகிய கள்ளி. சரி, வீட்டுக்குத்தான் போகிறோம், தோற்றாலும் சோபா என்னுடையது என்று அவன் மனசைத் தேற்றிக்கொண்டான். அப்போது அவர்கள் தெருவுக்குத் திரும்புகிற வழி ஜன்னலில் தெரிந்தது. தெரிந்தது, பின்னால் போய்விட்டது.

"நோரீன்! நம்ம வழி போயிடுச்சு!"

"பார்த்தேன்."

"எங்க போறே?"

"மேற்கே."

மேற்கே என்றால் எது என்று அவனுக்குப் புரிந்தது. எழுந்து உட்கார்ந்தான். "உங்க அம்மா வீட்டுக்கா? மாட்டேன்! வண்டியை நிறுத்து! வீட்டுக்குத் திரும்பு!"

"வீட்டுல லீவுல உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா உன் முதலாளி விடுவானா? அரை மணியில கூரைமேல ஏத்திடுவான். போகட்டுமா வீட்டுக்கு?"

கிரேடி யோசித்தான். வெயில் நூற்றுப் பதிமூன்று. வாயை மூடிக்கொண்டான்.

கலிபோர்னியா எல்லை தாண்டி, சாலைக்கு இருபக்கமும் மணல் மேடு மேடாக வந்தது. "பாரு கிரேடி, பாலைவனம்," என்றாள் நோரீன். அவன் பார்க்கவில்லை. வீம்புக்குப் பார்க்கவில்லை.

மத்தியானம் கடல் வாசனை வந்தது. வண்டி நின்றதும் "போன்! போன்!" என்று ஷெல்பி குதித்தாள். இத்தனை நாள் பொறுத்தாளே என்று கிரேடி டூல் பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கிக் கையில் எடுத்தான். கழுத்தில் தொங்கிய சாவியைத் தேடிக்கொண்டே வாசற்படி ஏறினான். கதவு தானாகத் திறந்தது. ஐரிஸ் நின்றாள்.

"வாங்க, வாங்க! வியாழக்கிழமை மத்தியானம் வந்துடுவோம்னு நோரீன் போன மாசமே சொல்லிட்டா."

கிரேடி திரும்பினான். போன மாசமா? போன மாசம் என்றால், டிக்கெட் எல்லாம் போட்ட மாசம். முதலில் யூட்டா, பிறகு அரிசோனா, பிறகு நவஹோ என்று அவள் வரிசையாகப் போட்ட மாசம். நோரீன் டெலியாவின் நீச்சல் உடையை எங்கே வைத்தோம் என்று பைக்குள் மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. கோடையில் கலிபோர்னியா மணியும் அரிசோனா மணியும் வேறு வேறு என்பதாவது நிஜமாக இருக்கட்டும். மாமியார் தலைக்கு மேலே தெரிந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம் கூடக் குறைச்சல் இல்லாமல் இரண்டும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

ஐரிஸின் கண் அவன் கையில் இருந்த டூல் பாக்ஸ்மேல் விழுந்து மலர்ந்தது.

"அட, சொல்லாமலே கொண்டு வந்துட்டியா! ஃபிரிட்ஜ் நின்னு மூணு வாரம் ஆச்சு. நீ வருவேன்னுதான் யாரையும் கூப்பிடல. சரியான நேரத்துக்கு வந்திருக்கே, கிரேடி."